இன்ஃபுளுவென்சா தடுப்பூசிக் குறுஞ்செய்தி நினைவூட்டல்

இன்ஃபுளுவென்சா தடுப்பூசிக் குறுஞ்செய்தி நினைவூட்டல் என்பது, ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டிய ஃபுளூ தடுப்பூசியைப் பற்றிப் பெற்றோருக்கும் பிற குடும்பத்தினருக்கும் நகர்பேசிக் குறுஞ்செய்தி (எஸ்.எம்.எஸ்) வழியாக நினைவூட்டும் பொதுச் சுகாதார முறை ஆகும். மருத்துவமனை, மருத்துவ மையம், மருந்தகம் அல்லது அரசின் சுகாதாரத் துறை இச்செய்திகளை அனுப்புகிறது. இம்முறை பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் ஆராயப்பட்டது. ஆத்திரேலியா, இங்கிலாந்து ஆகிய நாடுகளிலும் இது குறித்த ஆய்வுகள் நடந்துள்ளன. குறுஞ்செய்தியால் தடுப்பூசி பெறுவோர் தொகை உயர்கிறது என்பதும், அவ்வுயர்வு பெரும்பாலும் சிறிய அளவிலேயே உள்ளது என்பதும் இவ்வாய்வுகளின் பொதுவான முடிவுகளாகும்.

பின்னணி

இன்ஃபுளுவென்சா என்பது மூச்சுத் தொகுதியைத் தாக்கும் ஒரு தீநுண்மி நோய். உலக சுகாதார அமைப்பின் மதிப்பீட்டின்படி, ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 கோடிப் பேருக்குப் பருவகால இன்ஃபுளுவென்சா ஏற்படுகிறது. இவர்களுள் 30 முதல் 50 இலட்சம் பேர் கடுமையாக நோயுறுகின்றனர். மூச்சுத் தொகுதிச் சிக்கல்களால் 2,90,000 முதல் 6,50,000 பேர் வரை உயிரிழக்கின்றனர். ஐந்து அகவைக்குக் குறைந்த குழந்தைகள், கருவுற்ற பெண்கள், முதியோர், ஆஸ்துமா, நீரிழிவு, இதய நோய் முதலியவற்றை உடையோர் ஆகியோருக்கு ஆபத்து மிகுதி.

தீநுண்மியின் மேற்பரப்புப் புரதங்கள் தொடர்ந்து மாறுவதாலும், தடுப்பூசி தரும் தடுப்பாற்றல் காலப்போக்கில் குறைவதாலும் இத்தடுப்பூசியை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் போட வேண்டியுள்ளது. ஊசி போட்ட பின் போதிய பிறபொருளெதிரிகள் உருவாக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் ஆகும். எனவே வட அரைக்கோள நாடுகளில் நோய்ப் பருவம் தொடங்குவதற்கு முன், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் ஊசி போடுவது நன்று. முதன்முறையாகத் தடுப்பூசி பெறும் 6 மாதம் முதல் 8 அகவை வரையான குழந்தைகளுக்கு, குறைந்தது நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணைகள் தேவை.

ஐக்கிய அமெரிக்காவின் தடுப்பூசி நடைமுறைகளுக்கான ஆலோசனைக் குழு, 6 மாத அகவை நிறைந்த அனைவருக்கும் ஆண்டுதோறும் ஃபுளூ தடுப்பூசி போடுமாறு 2010 ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தட்டம்மை, இளம்பிள்ளை வாதம் முதலிய நோய்களுக்கான தடுப்பூசிகள் குழந்தைப் பருவத்தில் சில தவணைகளுடன் முடிந்துவிடுகின்றன. பள்ளியில் சேர்க்கும்போது அவற்றுக்கான சான்றும் கேட்கப்படுகிறது. ஃபுளூ தடுப்பூசிக்குப் பெரும்பாலான மாநிலங்களில் அத்தகைய கட்டாயம் இல்லை. ஆண்டில் சில மாதங்களுக்குள், வழக்கமான மருத்துவச் சந்திப்பு இல்லாத போதும், குழந்தையை அழைத்துச் செல்ல வேண்டியுள்ளது. இதனால் மறதி, வேலை நேரம், போக்குவரத்து, பிற குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஆளின்மை ஆகியவை தடையாகின்றன. தடுப்பூசியை மறுக்காத குடும்பங்களிலும் குழந்தைகள் ஊசி பெறாமல் போவதற்கு இவை முக்கியக் காரணங்கள் ஆகும்.

முன்வரலாறு

தடுப்பூசிக்கான நினைவூட்டல் புதியதன்று. அஞ்சலட்டை, கடிதம், தொலைபேசி அழைப்பு, பதிவு செய்யப்பட்ட குரலைக் கொண்ட தானியங்கி அழைப்பு ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பட்டன. தவணை நாள் வருமுன் அனுப்பப்படுவது நினைவூட்டல் எனவும், நாள் கடந்தவர்களுக்கு அனுப்பப்படுவது மீளழைப்பு எனவும் வேறுபடுத்தப்படுகின்றன. அடிக்கடி வீடு மாறும் குடும்பங்களுக்குக் கடிதம் சென்று சேர்வதில்லை. பணி நேரத்தில் வரும் தொலைபேசி அழைப்பைப் பலர் எடுப்பதில்லை.

உலகின் முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3 அன்று இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. 2000களில் நகர்பேசி எல்லா வருவாய்ப் பிரிவினரிடமும் பரவியது. வீட்டில் கணினியோ இணைய இணைப்போ இல்லாத குடும்பங்களிலும் நகர்பேசி இருந்தது. இதே காலத்தில் தடுப்பூசி விவரங்கள் காகித அட்டைகளிலிருந்து மின்னணுப் பதிவேடுகளுக்கு மாறின. நியூ யார்க் நகரம் 1997 முதல் குழந்தைகளுக்கான நகர்தழுவிய தடுப்பூசிப் பதிவேட்டை நடத்தி வருகிறது. இவ்விரு மாற்றங்களும் இணைந்ததே குறுஞ்செய்தி நினைவூட்டலுக்கு அடிப்படை ஆகும். கருவுற்ற பெண்களுக்கும் இளந்தாய்மாருக்கும் இலவசமாக உடல்நலக் குறுஞ்செய்திகளை அனுப்பிய 'டெக்ஸ்ட்ஃபோர்பேபி' என்னும் சேவை ஐக்கிய அமெரிக்காவில் 2010 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது.

செயற்படும் முறை

ஒரு நினைவூட்டல் திட்டத்தில் பொதுவாகப் பின்வரும் படிகள் உள்ளன.

1. மருத்துவ மையத்தில் பதிவு செய்யும்போது பெற்றோரின் நகர்பேசி எண், விரும்பும் மொழி, செய்தி பெறுவதற்கான இசைவு ஆகியவை பெறப்படுகின்றன.

2. பதிவேட்டிலுள்ள பிறந்த நாள், முன்பு போட்ட தவணைகளின் நாள்கள் ஆகியவற்றைக் கொண்டு, அப்பருவத்தில் தடுப்பூசி பெற வேண்டிய குழந்தைகளைக் கணினி தெரிவு செய்கிறது.

3. தெரிவானவர்களின் பெற்றோருக்குக் குறித்த இடைவெளியில் செய்திகள் தாமாகவே அனுப்பப்படுகின்றன.

4. குழந்தை ஊசி போட்டுக்கொண்டதும் அது பதிவேட்டில் ஏறுகிறது. அதன் பின் அக்குடும்பத்துக்குச் செய்தி நிறுத்தப்படுகிறது.

நான்காம் படி முக்கியமானது. ஏற்கெனவே ஊசி போட்ட குழந்தைக்கு மீண்டும் நினைவூட்டல் வந்தால், பெற்றோர் அடுத்து வரும் செய்திகளைப் படிக்காமல் விடக்கூடும். எனவே செய்தி அனுப்பும் கருவியைவிடப் பதிவேட்டின் துல்லியமே திட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கிறது. மருந்தகத்திலோ வேறு மருத்துவரிடமோ போடப்பட்ட ஊசி பதிவேட்டில் ஏறாவிட்டால், இத்தகைய தேவையற்ற செய்திகள் செல்லும்.

நீளமும் மொழியும்

ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகளாயின் 160 குறிகள் அடங்கும். அடிப்படை எழுத்துத் தொகுதிக்குப் புறம்பான ஓர் எழுத்து இடம்பெற்றாலும், முழுச் செய்தியும் ஒருங்குறிக்கு மாறி 70 குறிகளாகச் சுருங்கிவிடும். எசுப்பானிய மொழியின் 'ந்ய' ஒலிக்குரிய எழுத்து அடிப்படைத் தொகுதியில் உண்டு. ஆயினும் அழுத்தக் குறியிட்ட உயிரெழுத்துகள் சில அதில் இல்லை. தடுப்பூசி இடுதலைக் குறிக்கும் எசுப்பானியச் சொல்லிலேயே அத்தகைய எழுத்து ஒன்று வருகிறது. தமிழ் போன்ற மொழிகளில் பொதுவாக 70 குறிகளே எல்லையாகும். 'தடுப்பூசி' என்னும் ஐந்தெழுத்துச் சொல், உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால் ஒன்பது குறிகளை எடுத்துக்கொள்ளும். எல்லையைக் கடந்த செய்தி பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு அனுப்பப்படுவதால் செலவும் கூடுகிறது.

நியூ யார்க் ஆய்வு

இத்துறையில் பெரிதும் எடுத்துக்காட்டப்படும் ஆய்வு, கொலம்பியா பல்கலைக்கழகக் குழந்தை மருத்துவர் மெலிசா ஸ்டாக்வெல் தலைமையில் 2010-2011 ஃபுளூ பருவத்தில் நியூ யார்க் நகரில் நடந்தது. இதன் முடிவுகள் 2012 ஏப்ரலில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் ஆய்விதழில் வெளியாயின. நான்கு சமூக மருத்துவ மையங்களைச் சேர்ந்த, 6 மாதம் முதல் 18 அகவை வரையான 9,213 பேர் இதில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் 88 விழுக்காட்டினர் அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்கள். பாதிக்கு மேற்பட்டோர் எசுப்பானியம் பேசும் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

குழந்தைகள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இரு குழுவினருக்கும் வழக்கமான தானியங்கித் தொலைபேசி நினைவூட்டல் கிடைத்தது. மையங்களில் ஒட்டப்பட்ட அறிவிப்புகளையும் இரு குழுவினரும் காண முடிந்தது. இவற்றுடன், ஒரு குழுவின் பெற்றோருக்கு மட்டும் வாரம் ஒன்றாக ஐந்து வரையான குறுஞ்செய்திகள் அனுப்பப்பட்டன. நோய் பற்றிய சிறு தகவல்களும், சனிக்கிழமைகளில் நடக்கும் தடுப்பூசி முகாம்களுக்கு எவ்வாறு வருவது என்பதும் அவற்றில் இருந்தன.

செய்தி அனுப்பத் தொடங்கும் முன்பே சிலர் ஊசி போட்டிருந்தனர். எஞ்சிய 7,574 பேரின் நிலை பின்வருமாறு கணக்கிடப்பட்டது.

இலையுதிர்கால இடைக்கணக்கில் தடுப்பூசி பெற்றோர்: குறுஞ்செய்திக் குழுவில் 27.1 விழுக்காடு, மற்றக் குழுவில் 22.8 விழுக்காடு.

2011 மார்ச் 31 வரை தடுப்பூசி பெற்றோர்: குறுஞ்செய்திக் குழுவில் 43.6 விழுக்காடு, மற்றக் குழுவில் 39.9 விழுக்காடு.

இறுதி வேறுபாடு 3.7 விழுக்காட்டுப் புள்ளிகள். அதாவது, செய்தி பெற்ற ஏறத்தாழ 27 குழந்தைகளுக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாகத் தடுப்பூசி பெற்றனர். குறுஞ்செய்திக் குழுவிலும் பாதிக்கு மேற்பட்டோர் பருவம் முடியும் வரை ஊசி பெறவில்லை என்பதும் இவ்வெண்களிலிருந்து தெரிகிறது. வறிய குடும்பங்களுக்கு நகர்பேசி வழியாகச் செய்தி சென்று சேரும் என்பதை இவ்வாய்வு காட்டியது. செய்தி மட்டுமே போதுமானதன்று என்பதையும் இதுவே காட்டியது.

இரண்டாம் தவணை

இரண்டு தவணை தேவைப்படும் குழந்தைகளுள் பலர் முதல் தவணையுடன் நின்றுவிடுவதுண்டு. ஒரு தவணை மட்டும் பெற்ற குழந்தைக்கு முழுப் பாதுகாப்புக் கிடைப்பதில்லை. நியூ யார்க்கில் இதே ஆய்வுக் குழு, முதல் தவணை பெற்ற குழந்தைகளை உடைய 660 குடும்பங்களிடம் மற்றோர் ஆய்வை நடத்தியது. அதன் முடிவுகள் 2015 இல் வெளியாயின.

எழுத்து வடிவ நினைவூட்டல் மட்டும் பெற்றவர்களின் குழந்தைகளில் 57.1 விழுக்காட்டினர் இரண்டாம் தவணை பெற்றனர். வழக்கமான குறுஞ்செய்தி பெற்ற குடும்பங்களில் இது 66.7 விழுக்காடாகவும், இரண்டாம் தவணை ஏன் தேவை என்பதை விளக்கிய குறுஞ்செய்தி பெற்ற குடும்பங்களில் 72.7 விழுக்காடாகவும் இருந்தது. முதல் ஆய்வைவிட இங்கு விளைவு பெரிதாக இருப்பது கவனிக்கத்தக்கது. இப்பெற்றோர் தடுப்பூசியை ஏற்கெனவே ஏற்றுக்கொண்டவர்கள். அவர்களுக்கு இருந்த குறை, இரண்டாம் தவணை பற்றிய அறிவும் அதற்குரிய நாளின் நினைவும் மட்டுமே ஆகும்.

செய்தியின் சொற்கள்

எத்தகைய சொற்கள் மிகுந்த பயன் தரும் என்பது நடத்தை அறிவியலாளர்களால் ஆராயப்பட்டுள்ளது. குறுஞ்செய்தி அல்லாத இரண்டு ஆய்வுகள் இதற்கு வழிகாட்டின. ஐக்கிய அமெரிக்க நிறுவனம் ஒன்றின் பணியாளர்களிடம், ஊசி போடப் போகும் நாளையும் நேரத்தையும் தாமே எழுதி வைக்குமாறு அஞ்சலில் கேட்கப்பட்டபோது, தடுப்பூசி பெற்றோர் 33.1 விழுக்காட்டிலிருந்து 37.3 விழுக்காடாக உயர்ந்ததாக 2011 இல் வெளியான ஆய்வு காட்டியது. மற்றொன்று 2010 இல் வெளியானது. அதில், பணியாளர்களுக்கு முன்கூட்டியே ஊசிக்கான நேரம் ஒதுக்கப்பட்டு, வேண்டாதவர் விலகலாம் என அறிவிக்கப்பட்டபோது 45 விழுக்காட்டினர் ஊசி போட்டுக்கொண்டனர். விரும்புவோர் தாமே நேரம் பதியலாம் என அறிவிக்கப்பட்ட குழுவில் இது 33 விழுக்காடு.

2020 இலையுதிர்காலத்தில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் காத்தரின் மில்க்மன் தலைமையிலான குழு, 47,306 நோயாளிகளிடம் 19 வகைச் செய்தி முறைகளை ஒரே நேரத்தில் ஒப்பிட்டது. மருத்துவரைச் சந்திக்க முன்பதிவு செய்திருந்தவர்களுக்கு, சந்திப்புக்கு முன்னர் இவை அனுப்பப்பட்டன. சராசரியாகத் தடுப்பூசி பெறுவோர் சார்பளவில் 5 விழுக்காடு கூடினர். 'உங்களுக்கென ஒரு தடுப்பூசி ஒதுக்கப்பட்டுள்ளது' என்ற பொருளில் அமைந்த செய்தியே மிகுந்த பயனைத் தந்தது. அதன் விளைவு சார்பளவில் 11 விழுக்காடு. வியப்பூட்டும் செய்திகளையும், நட்புரையாடல் போன்ற செய்திகளையும், பதில் எழுதக் கேட்ட செய்திகளையும் விட, மருத்துவமனையிடமிருந்து வழக்கமாக எதிர்பார்க்கப்படும் நடையில் இருந்த செய்திகளே மேம்பட்டன.

அதே பருவத்தில் வால்மார்ட் மருந்தகங்களின் 6,89,693 வாடிக்கையாளர்களிடம் 22 வகைச் செய்திகள் சோதிக்கப்பட்டன. மூன்று மாதங்களில் சராசரியாக 2.0 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்வு கிடைத்தது. இங்கும் 'உங்களுக்கான தடுப்பூசி காத்திருக்கிறது' என்று கூறி, வேறொரு நாளில் மீண்டும் நினைவூட்டிய முறையே முதலிடம் பெற்றது. எச்செய்தி வெல்லும் என முன்கூட்டிக் கணிக்குமாறு கேட்கப்பட்ட வல்லுநர்களும் பொதுமக்களும் இதனைக் கணிக்கவில்லை.

பிற நாடுகளில்

ஆத்திரேலியா: மேற்கு ஆத்திரேலியாவில் 10 மருத்துவ நிலையங்களைச் சேர்ந்த, நோய் ஆபத்து மிகுந்த 12,354 பேரிடம் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. செய்தி பெற்றவர்களில் 12 விழுக்காட்டினரும், பெறாதவர்களில் 9 விழுக்காட்டினரும் தடுப்பூசி போட்டுக்கொண்டனர். ஐந்து அகவைக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோரிடம் விளைவு மிகத் தெளிவாக இருந்தது. அங்குத் தடுப்பூசி வீதம் இரு மடங்குக்கு மேல் கூடியது.

இங்கிலாந்து: 2013-2014 பருவத்தில் 156 மருத்துவ நிலையங்களில் நடந்த ஆய்வில், 65 அகவைக்குட்பட்ட ஆபத்துக் குழுவினரின் தடுப்பூசி வீதம் 50.7 விழுக்காட்டுக்கு எதிராக 52.4 விழுக்காடு என்ற அளவிலேயே உயர்ந்தது. ஒப்பீட்டுக் குழுவைச் சேர்ந்த நிலையங்களும் தம் வழக்கமான அழைப்பு முறைகளைத் தொடர்ந்தன.

டென்மார்க்: இங்குக் குறுஞ்செய்திக்கு மாற்றாக அரசின் மின்னணு அஞ்சல் பெட்டி பயன்பட்டது. 65 அகவைக்கு மேற்பட்ட 9,64,870 பேரிடம் நடந்து 2023 இல் வெளியான ஆய்வில், தடுப்பூசியால் இதயத்துக்கு ஏற்படும் நன்மையைக் கூறிய கடிதமும், மீண்டும் அனுப்பப்பட்ட கடிதமும் மட்டுமே வீதத்தை உயர்த்தின. உயர்வு ஒரு விழுக்காட்டுப் புள்ளிக்கும் குறைவு. செய்தி பெறாதவர்களிலும் 80 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டிருந்தனர்.

கென்யா: ஃபுளூ அல்லாத குழந்தைப் பருவத் தடுப்பூசிகளுக்காக மேற்குக் கென்யாவின் 152 ஊர்களில் நடந்த ஆய்வு 2017 இல் வெளியானது. குறுஞ்செய்தியுடன் ஒவ்வொரு தவணைக்கும் 200 கென்ய சில்லிங் வழங்கிய ஊர்களில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 90 விழுக்காடாக இருந்தனர். எதுவும் வழங்காத ஊர்களில் இது 82 விழுக்காடு.

இந்தியா: ஃபுளூ தடுப்பூசி நாட்டின் பொதுத் தடுப்பூசித் திட்டத்தில் இடம்பெறவில்லை. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகம் 6 மாதம் முதல் 5 அகவை வரையான குழந்தைகளுக்கு இதனைப் பரிந்துரைக்கிறது. 2021 இல் கோவிட்-19 தடுப்பூசிக்கான கோவின் தளம் குறுஞ்செய்திகளைப் பெருமளவில் பயன்படுத்தியது.

குறைபாடுகளும் விமரிசனங்களும்

தயக்கம்: மறந்தவர்களுக்கே நினைவூட்டல் பயன்படும். தடுப்பூசியின் பாதுகாப்பில் ஐயம் உடையவர்களையோ, ஃபுளூ சாதாரணக் காய்ச்சலே எனக் கருதுபவர்களையோ ஒரு குறுஞ்செய்தி மாற்றுவது அரிது. அவர்களுக்கு நம்பிக்கைக்குரிய மருத்துவரின் நேரடி உரையாடல் தேவைப்படுகிறது.

எட்டாத குடும்பங்கள்: முன்பணக் கட்டண எண்களை உடையோர் அடிக்கடி எண்ணை மாற்றுகின்றனர். பழைய எண் வேறொருவருக்கு வழங்கப்பட்டால், குழந்தையின் மருத்துவத் தகவல் அயலாரிடம் செல்லும். இதனால் செய்திகளில் குழந்தையின் முழுப்பெயரும் நோய் விவரமும் தவிர்க்கப்பட வேண்டும்.

சட்டம்: ஐக்கிய அமெரிக்காவின் 1991 ஆம் ஆண்டுத் தொலைபேசிப் பயனர் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் செய்தி அனுப்புவதற்குப் பெறுநரின் இசைவை வேண்டுகிறது. இந்தியாவில் 2018 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளின்படி, அனுப்புநரின் பெயரையும் செய்தியின் வார்ப்பையும் முன்னரே பதிவு செய்ய வேண்டும். மோசடிச் செய்திகள் பெருகியதால், அறியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பைத் திறக்கப் பலர் தயங்குகின்றனர்.

சேவை இன்மை: மாலை நேரத்திலோ விடுமுறை நாளிலோ ஊசி போடும் வசதி இல்லையெனில், பகலில் வேலைக்குச் செல்லும் பெற்றோர் செய்தியைப் படித்தும் வர இயலாது. நியூ யார்க் ஆய்வின் செய்திகள் சனிக்கிழமை முகாம்களுடன் இணைக்கப்பட்டிருந்தது இதனால் முக்கியத்துவம் பெறுகிறது.

மதிப்பீடு

நினைவூட்டலும் மீளழைப்பும் பற்றி 75 ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான காக்ரேன் மீளாய்வு, இம்முறைகள் தடுப்பூசி வீதத்தைச் சராசரியாக 8 விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்த்துவதாகக் கண்டது. கடிதம், தொலைபேசி, குறுஞ்செய்தி ஆகிய அனைத்தும் இத்தொகுப்பில் அடங்கும். ஒரு குறுஞ்செய்திக்கு ஆகும் செலவு மிகக் குறைவு. பல இலட்சம் பேருக்கு ஒரே நாளில் அனுப்பவும் முடியும். எனவே இரண்டு விழுக்காட்டுப் புள்ளி உயர்வும், பத்து இலட்சம் பேரிடையே 20,000 கூடுதல் தடுப்பூசிகளாக அமையும்.

இவ்வெண்களின் பொருளைக் குழந்தை இறப்புகள் காட்டுகின்றன. ஐக்கிய அமெரிக்காவில் 2024-2025 பருவத்தில் குறைந்தது 280 குழந்தைகள் இன்ஃபுளுவென்சாவால் இறந்ததாகப் பதிவாயிற்று. தடுப்பூசி பெறத் தகுதியுடையவர்களும் அதன் விவரம் அறியப்பட்டவர்களுமான குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் அப்பருவத்திற்குரிய ஊசியை முழுமையாகப் பெறாதவர்கள். அந்நாட்டில் குழந்தைகளின் ஃபுளூ தடுப்பூசி வீதமும் குறைந்துள்ளது. 2019-2020 பருவத்தில் ஏறத்தாழ 64 விழுக்காடாக இருந்த அவ்வீதம், 2023-2024 பருவத்தில் ஏறத்தாழ 55 விழுக்காடாயிற்று. குறுஞ்செய்தி ஆய்வுகள் பலவற்றில் காணப்பட்ட உயர்வைவிட இவ்வீழ்ச்சி பெரிது. ஆகவே துல்லியமான பதிவேடு, வசதியான நேரத்தில் தடுப்பூசிச் சேவை, மருத்துவரின் பரிந்துரை ஆகியவற்றுடன் சேர்த்துப் பயன்படுத்தும்போதே குறுஞ்செய்தி நினைவூட்டல் பயனுள்ள கருவியாக அமைகிறது.

இவற்றையும் பார்க்க

இன்ஃபுளுவென்சா
தடுப்பூசி
குறுஞ்செய்திச் சேவை
பொதுச் சுகாதாரம்
நடத்தைப் பொருளியல்